ஈரத்துக்குக் கழித்தது

நுவரெலியாவிலிருந்து வந்த கடிதம் ஒரே பக்கம்.
இறைவரித் திணைக்களத்தின் ஏக்கநாயக்க ஐயா
மூன்று மொழித் தலைப்பின் கீழ்
ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தார்:

ஒரு கிலோ தூளுக்கு
நாலே முக்காலுக்குச் சற்றே குறையக் கொழுந்து வேண்டும்,
பொகவந்தலாவையில் எந்த ஸ்டோரிலும்.
உங்கள் புத்தகத்தில் மட்டும்
நாலு கிலோ போதுமாயிருக்கிறதே, எப்படி?

கேள்விக்குள் இருந்த கேள்வி எனக்கு விளங்கியது.
கள்ளக் கொழுந்து வாங்கினீர்களா,
பில் இல்லாமல், இரவு லொறியில்?
அப்படியென்றால் வரி,
வரியின் மேல் தண்டம்,
தண்டத்தின் மேல் வட்டி.

துரை கொழும்புக்கு மூன்று தடவை பேசினார்.
கொழும்பு ஒரு தடவை பேசியது.
பிறகு கோப்பு என் மேசைக்கு வந்தது,
எல்லாக் கோப்பும் கடைசியில் வருவதுபோல.

பதிந்த கொழுந்து ஒன்பது இலட்சத்து நாற்பதாயிரம் கிலோ.
அடுப்பிலிருந்து இறங்கிய தூள்
இரண்டு இலட்சத்து முப்பத்தையாயிரம்.
இடையில் எங்கோ
ஒரு இலட்சத்து ஐம்பத்து மூவாயிரம் கிலோ
பிறப்புப் பத்திரம் இல்லாத கொழுந்து.

லொறி எதுவும் வரவில்லை.
வாசல் புத்தகத்தைத் தை முதல் மார்கழி வரை புரட்டிவிட்டேன்.
அது பகலில்தான் வந்திருக்கிறது,
எங்கள் தராசின் கொக்கியில்தான் தொங்கியிருக்கிறது.

நிறுவைக்கு இரண்டு கிலோ,
ஈரத்துக்கும் சாக்குக்கும்.
நாளுக்கு இரண்டு நிறுவை.
நூற்றெழுபது பேர்.
இருநூற்று இருபத்தைந்து நாள்.
பெருக்கிப் பார்த்தேன்.
ஒரு கிலோகூடப் பிசகவில்லை.
பரீட்சையில்கூட எனக்கு விடை இப்படி வந்ததில்லை.

ஈரமென்றால் வாட்டும் தட்டிலேயே ஆவியாகியிருக்க வேண்டும்.
இந்த ஈரம் வாடியது, உருளையில் சுருண்டது,
புளித்தது, கறுத்தது,
சல்லடையில் தரம் பிரிந்து
கொழும்பு ஏலத்துக்குப் போனது.
பங்குனி வெயிலில், மண் வெடித்துக் கிடந்தபோது
கழித்த ஈரமும் அப்படியே.

ஜெயரோகினிக்கு ஒருநாள்
முள் காட்டியது இருபத்திரண்டரை.
ஈரம் போகப் பதினெட்டரை.
இருபது இல்லையென்றால் அரைப்பேர்.
போட்டது நான். எழுத்தும் என்னுடையதுதான்,
அழகாகவே இருக்கிறது.

பதிலை ஆங்கிலத்தில் எழுதினேன்.
அதில் எழுதும்போது கை கூசவில்லை.
தமிழில் இப்படி வரும்:
மதிப்புக்குரிய ஐயா,
மேலதிகத் தூள் வெளியில் வாங்கிய கொழுந்தில் வந்ததல்ல.
எமது தொழிலாளரின் நிறுவையில் கழிக்கப்பட்ட,
கொடுப்பனவு செய்யப்படாத கொழுந்தில் வந்தது.
தூள் முழுவதும் விற்கப்பட்டு
வருமானத்தில் காட்டப்பட்டுள்ளது.
ஆகவே ஏய்ப்பு எதுவும் நடைபெறவில்லை.

துரை இரண்டு தரம் வாசித்தார்.
கடைசி வரியில் பேனா சற்று நின்றது.
பிறகு ஒப்பமிட்டு,
தெளிவான கடிதம் என்றார்.

மூன்றாம் கிழமை பதில் வந்தது.
விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.
செலுத்தவேண்டிய மேலதிக வரி: இல்லை.

ஆண்டறிக்கையில் அந்த வருடமும் நட்டம்.
முகாமைக் கட்டணம் தாய்க் கம்பனிக்குப் போய்ச் சேர்ந்தபின்
மிஞ்சும் நட்டம்,
பழைய நட்டங்களின் தோளில் கைபோட்டுக்கொண்டு
அடுத்த வருடத்துக்கு நடந்தது.
தேயிலைச் செடிக்கு நியாயப் பெறுமதி போட்டிருந்தார்கள்,
பளபளக்கும் தாளில், கோடிக்கணக்கில்.

கடிதத்துக்கு மூன்று பிரதி.
ஒன்று திணைக்களத்துக்கு.
ஒன்று கொழும்புக்கு.
கோப்பில் இருக்கவேண்டிய மூன்றாவது
இன்று காலை, தூறலில்,
ஜெயரோகினியின் படங்கு மடிப்பில்
ஏழாம் நம்பர் மலைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.
சங்கத்தில் வாசித்துக்காட்டச் சொல் என்றேன்.
நனையாமல் பார்த்துக்கொள்
என்றும் சொன்னேன்.